நட்ட கன்றும் நிற்கும் மரமும்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொன்விழா நினைவாக வீட்டுக்கொரு மரக்கன்று நட நமது இளைஞர்கள் முடிவு செய்துள்ளார்கள். மனமாரப் பாராட்டுகிறேன். அதே வேளையில், விழா மண்டபத்துக்காக ஆலய வளாகத்துப் புளியமரங்கள் இரண்டை வெட்டலாம் என்ற பேச்சும் எழுந்துள்ளது. கன்றுகள்தான் நடுகிறோமே, ஈடாகிவிடும் என்கிறார்கள். ஈடாகுமா?

மரம் தண்ணீரால் மட்டும் வளர்வதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகள் ஈர்த்து, சூரிய ஒளியின் துணையால் மரமாக்குகின்றன. நன்கு காய்ந்த 100 கிலோ விறகில் ஏறத்தாழ 50 கிலோ கரி அடங்கியுள்ளது. அதை எரித்தால் காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து, சுமார் 180 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஆகவே காடு என்பது கரியைப் பூட்டி வைத்த பெட்டகம். ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் பெறும் அமேசான், காங்கோ மழைக்காடுகள் மாபெரும் பெட்டகங்கள். அங்கு எழும் புகைக்குச் சோதனைச் சாவடி கிடையாது!

1958-இல் ஹவாய்த் தீவில் அளந்தபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இன்றோ 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் முதற்காரணம், காடழிப்பும் கூட்டாளி. இதனால் பூமி சூடேறுகிறது, பருவம் தடுமாறுகிறது. மா பூக்கும் காலத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று காவேரிப்பட்டினத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தடுக்க முடியாதா? முடியும். பாலக்காடு மாவட்டத்துச் சைலண்ட் வேலி மழைக்காட்டில் அணை கட்டத் திட்டமிட்டார்கள். ஆசிரியர்களும் கவிஞர்களும் விஞ்ஞானிகளும் குரல் எழுப்பினர். திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் அது தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் அமேசானையும் காங்கோவையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். நமது மாவட்டத்தில் மழைக்காடு இல்லை. ஆயினும் மலைக்காடுகள் உண்டு. 2022-இல் அரசு காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்ததும் இங்கேதான்.

இன்று நடும் கன்று, அந்தப் புளியமரங்கள் சேர்த்து வைத்துள்ள கரியைச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவும் பிழைத்தால்! எனவே இரண்டு வேண்டுகோள். நட்ட கன்றுக்கு மூன்று கோடையாவது தண்ணீர் ஊற்றுங்கள். மண்டபத்தின் வரைபடத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். தோட்டத்தைப் பண்படுத்த மட்டுமல்ல, காக்கவும்தான் ஆண்டவர் முதல் மனிதனை அங்கே வைத்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது.

நூற்றாண்டு விழாவுக்கு வரும் நம் பேரப்பிள்ளைகள் அம்மரங்களின் நிழலில் அமர இறைவன் அருள்வாராக!