ஸ்மித் என்கின்ற பெயர்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போவது ஒரு வெள்ளைக்காரப் பெயரைப் பற்றியாகும். "இவருக்குப் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று சிலர் சிரிக்கலாம். நாமும் காலேஜில் இங்கிலீஷ் சரித்திரம் படித்தவர்களல்ல. கிடைத்த புத்தகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையே சொல்லுகின்றோம். ஆனாலும், ஒரு பெயர் எப்படி உண்டாயிற்று என்று பார்த்தால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மனிதன் அடைகின்ற பெருமைக்கு எவ்வளவு ஆதாரமிருக்கின்றது என்பது வெளியாகிவிடும். அதற்காகவே இதை எடுத்துக்கொண்டோம்.

1924 முதல் 1928 வரை லண்டனிலிருந்துகொண்டு இந்தியா மந்திரியாக அதிகாரம் செய்தவர் பர்க்கன்ஹெட் பிரபு. 1927ல் சைமன் கமிஷன் நியமிக்கப்பட்டது இவர் காலத்தில்தான். இவருடைய சொந்தப் பெயர் ஃபிரெடரிக் எட்வின் ஸ்மித். பர்க்கன்ஹெட் என்பது இவர் பிறந்த ஊர். 1919ல் பிரபுப் பட்டம் வந்தவுடன் ஸ்மித் பின்னே போய் ஊர்ப் பெயர் முன்னே வந்து நின்றது. அந்த ஸ்மித் என்பதற்கு அர்த்தம்தான் என்ன? கொல்லன் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

இந்தக் கொல்லன் எப்படிக் குடும்பப் பெயரானான் என்று பார்ப்போம். 1066ல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தை ஜெயிப்பதற்கு முன், அந்நாட்டில் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் என்பதே வழக்கத்தில் இல்லை. ஆளுக்கு ஒரு பெயர். வேண்டுமானால் அடையாளத்துக்கு ஒரு பட்டப்பெயர். வில்லியத்தோடு வந்த பிரபுக்கள் தங்கள் ஊரையும் நிலத்தையும் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். நிலமில்லாத ஏழைக்கு எதைச் சேர்ப்பது? ஒரு கிராமத்திலே பத்து ஜான் இருந்தால், குட்டையான ஜான், குன்றடி ஜான், ராபர்ட் மகன் ஜான், கொல்லன் ஜான் என்றுதானே கூப்பிடுவார்கள்? ஷார்ட், ஹில், ராபர்ட்சன், ஸ்மித் என்கின்ற பெயர்களெல்லாம் இப்படி வந்தவைதான். இதிலே தெய்வீகமும் இல்லை, முனிவர் கோத்திரமும் இல்லை.

சர்க்காரின் கணக்குப் புத்தகம் இதற்கு இன்னும் பலம் கொடுத்தது. 1377ல், 14 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லோருக்கும், பிச்சைக்காரர் நீங்கலாக, தலைக்கு 4 பென்னி வரி போட்டார்கள். வரி வாங்குகிறவனுக்கு எந்த ஜான் கொடுத்தான், எந்த ஜான் கொடுக்கவில்லை என்று தெரியவேண்டுமல்லவா? 1381ல் அந்த வரி 12 பென்னியானபோது குடியானவர்கள் பொறுக்கமாட்டாமல் கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய தலைவன் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்கிறவன்! அவனை வெட்டிக் கொன்ற இடம் லண்டனிலுள்ள ஸ்மித்ஃபீல்டு. அதைக் கொல்லன் வெளி என்று நினைத்துவிடாதீர்கள். மேடு பள்ளமில்லாத வெளி என்பதே அதன் பழைய பொருள். சப்தம் ஒத்திருந்தால் அர்த்தமும் ஒன்றே என்று நம்பிவிடக்கூடாது.

நிற்க. இங்கிலாந்தில் எல்லாப் பெயரிலும் அதிகமாயுள்ள பெயர் ஸ்மித்தே. கலப்பைக் கொழுவுக்கும், குதிரை லாடத்துக்கும், அரிவாளுக்கும் கொல்லன் இல்லாத கிராமம் உண்டா? ஜெர்மனியில் ஷ்மிட், ஹங்கேரியில் கோவாச், ருஷியாவில் குஸ்னெட்சோவ், அரபு நாடுகளில் ஹத்தாத், எல்லாம் கொல்லனே. பெரும் பணக்காரர்கள் ஆசைப்படுகின்ற ஃபெராரி மோட்டாரின் பெயரும் இத்தாலியக் கொல்லன் பெயர்தான்.

ஆனால் கவனியுங்கள். பெயர் நின்றதே தவிர, தொழில் பிள்ளையைக் கட்டிப்போடவில்லை. 1776ல் தேசங்களின் செல்வத்தைப்பற்றிப் பேர்போன புத்தகம் எழுதிய ஆடம் ஸ்மித், ஒரு சுங்க உத்தியோகஸ்தரின் மகன், சர்வகலாசாலையில் ஆசிரியர். "உன் பெயர் கொல்லனாயிற்றே, உனக்கேன் புத்தகம்? சம்மட்டியை எடு" என்று அவரைத் தடுக்க அங்கே சாஸ்திரம் எதுவும் இல்லை. அங்கும் ஆணவக்காரர் இல்லாமலில்லை. ஸ்மித் என்பதையே எழுத்து மாற்றி 'ஸ்மைத்' ஆக்கிக்கொண்டு, தாங்கள் வேறு வம்சம் என்று காட்டிக்கொண்டவர்களும் உண்டு.

பெயரிலே இரத்தம் ஓடுகிறது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். 1538ல், ஞானஸ்நானம், கலியாணம், சாவு மூன்றையும் ஒவ்வொரு சர்ச்சிலும் பதிவு செய்யவேண்டுமென்று உத்தரவு போட்டவர் தாமஸ் கிராம்வெல். இவருடைய தகப்பனாரோ பட்னியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர்; ஒரு சமயம் கிராம்வெல் என்றும் ஒரு சமயம் ஸ்மித் என்றும் அழைக்கப்பட்டவர். ஊராருடைய பெயரையெல்லாம் பதியச்சொன்னவர் வீட்டிலேயே இரண்டு பெயர்! தாமஸின் சகோதரி வில்லியம்ஸ் என்பவரைக் கட்டிக்கொண்டாள். அவள் மகன் மாமனுடைய செல்வாக்கைப் பார்த்துக் கிராம்வெல் என்று வைத்துக்கொண்டான். அவன் வம்சத்தில் வந்தவர்தான் ஆலிவர் கிராம்வெல். 1649ல் இவர் கூட்டத்தார் சிரச்சேதம் செய்த சார்லஸ் ராஜாவின் குடும்பப் பெயரோ ஸ்டூவர்ட். அதாவது அரண்மனைக் காரியஸ்தன். காரியஸ்தன் பெயரைத் தாங்கியவர் கடவுள் தந்த ராஜ்யம் என்றார். இரவல் பெயரைத் தாங்கியவர் அவரை முடித்துவைத்தார்.

இது பழைய கதை என்பீர்களானால், 1917ல் ஜெர்மனியோடு சண்டை நடந்தபோது, ஐந்தாம் ஜார்ஜ் ராஜா தமது குடும்பத்தின் ஜெர்மன் பெயரை ஒரே பிரகடனத்தில் எடுத்துவிட்டு, வின்ட்ஸர் என்று கோட்டையின் பெயரை வைத்துக்கொண்டார். பெயர் மாறியது; இரத்தம் மாறிற்றா?

தாய்மார்கள் இதையும் கேட்கவேண்டும். கலியாணமானவுடன் பெண் தன் பெயரை விட்டுவிடவேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டமில்லை, வழக்கம்தான். அந்த வழக்கம் ஜான் ஸ்மித்தின் மனைவியை 'மிஸஸ் ஜான் ஸ்மித்' என்றே எழுதவைத்து, அவளுடைய சொந்தப் பெயரைக்கூட விழுங்கிவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சந்ததியிலும் ஸ்மித்துகள் உண்டு. அவர்கள் பாட்டன் இங்கிலாந்தில் இரும்பு அடித்தவனா? இல்லை. வெள்ளைக்காரன் பெயர் அவர்கள்மேல் விழுந்தது; சொந்தப் பெயர் கப்பலோடு போயிற்று.

ஆகவே தோழர்களே! பெயர் என்பது கூப்பிடுவதற்கு ஏற்பட்ட ஓர் அடையாளம். வரிக் கணக்கன் எழுதினான், ராஜா மாற்றினான், எஜமான் ஒட்டினான், புருஷன் வீட்டார் அழித்தார்கள். இவ்வளவு பேர் கைபட்ட ஒன்றை வைத்து ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்று அளப்பது அறிவுடைமையாகுமா? கொல்லன் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் அடித்த கொழுவினால்தான் பிரபுவும் ரொட்டி தின்றான். வெட்கப்படவேண்டியதெல்லாம், உழைக்காமல் பெயரைக் காட்டி மரியாதை கேட்பதற்குத்தான்.

நாம் சொன்னதை அப்படியே நம்பவேண்டுமென்று சொல்லவில்லை. உங்கள் சொந்த அறிவைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டதை ஏற்று, மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.