துருவத்து மக்களின் துயரமும் தடுப்பு முயற்சியும்

(நமது டிரஸ்டின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



தற்கொலைத் தடுப்பைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேசுவது என்று முடிவானதும், வட துருவத்தை ஒட்டி வாழும் இன்யூட் மக்களின் அனுபவத்தைச் சொல்லலாம் என்று எடுத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் எஸ்கிமோக்கள் என்று படித்தோமே, அவர்கள்தான். அந்தப் பெயரை அவர்களில் பலர் இப்போது விரும்புவதில்லை. கனடாவில் மட்டும் சுமார் 70,000 பேர் இருக்கிறார்கள்.

அவர்கள் வாழும் பகுதிகளில் தற்கொலை விகிதம் கனடாவின் பொது விகிதத்தைப் போல 5 முதல் 25 மடங்கு. நூனவுட் என்ற பிரதேசத்தில் 2013ஆம் ஆண்டில் மட்டும் 45 பேர். அங்கே மொத்த ஜனத்தொகையே அப்போது சுமார் 36,000தான். அதிகம் இழந்தது இளைஞர்களை; அதிலும் ஆண் பிள்ளைகளை.

கொடும் பனி, மாதக்கணக்கில் சூரியன் வராத இருட்டு, அதனால்தான் மனம் உடைகிறது என்று நமக்குத் தோன்றும். அதே பனியிலும் இருட்டிலும்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1970களுக்கு முன் இளைஞர்கள் தற்கொலை செய்துகொள்வது அங்கே அரிது. ஆகவே இடையில் என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

1950, 60களில், வேட்டையாடி இடம் மாறி வாழ்ந்த குடும்பங்கள் நிலையான குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டன. வண்டி இழுக்கும் நாய்கள் பெருமளவில் சுட்டுக் கொல்லப்பட்டன. நாய் இல்லாமல் வேட்டை இல்லை; வேட்டை இல்லாவிட்டால் வீட்டுத் தலைவனுக்கு வேலையும் இல்லை, மதிப்பும் இல்லை. பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள். தாய்மொழி பேசினால் அங்கே தண்டனை. அதைவிட மோசமான கொடுமைகளும் நடந்தன.

காசநோய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவக் கப்பல் வரும். கப்பலிலேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இருந்தால் பல நேரம் கரைக்குத் திரும்பி விடைபெறக்கூட விடாமல் தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். 1950களின் நடுவில் இன்யூட் மக்களில் ஏழு பேருக்கு ஒருவர் இப்படித் தெற்கத்தி மருத்துவமனையில் இருந்தார். பலர் திரும்பவில்லை. எங்கே அடக்கம் செய்தார்கள் என்ற செய்தியும் பல வீடுகளுக்கு வரவில்லை. பிள்ளையின் கபர் எந்த ஊரில் என்று தெரியாமலே மவுத்தான தாயை நினைத்துப் பாருங்கள். 2019இல் பிரதமர் ட்ரூடோ இக்காலுயிட் நகருக்குப் போய் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அந்தக் கபர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை பிறகும் நடக்கிறது.

அந்தப் பெற்றோரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளைத்தான் இப்போது இழக்கிறார்கள். நூனவுட்டில் 120 மரணங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்றில், இறந்தவர்களிடம் சிறுவயதில் அனுபவித்த கொடுமை, மனச்சோர்வு நோய், மது ஆகியவை மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. எல்லாமே தடுக்கவோ சிகிச்சை செய்யவோ கூடியவை.

2016இல் இன்யூட் மக்களின் தேசிய அமைப்பான இன்யூட் தபிரீட் கனாடமி தன் சொந்தத் தடுப்புத் திட்டத்தை வெளியிட்டது. இதை டாக்டரிடம் மட்டும் விட்டுவிடும் காரியமாக அவர்கள் பார்க்கவில்லை. வீடு, சாப்பாடு, பிறந்த நாள் முதல் குழந்தைக்குப் பாதுகாப்பு, தாய்மொழியில் ஆலோசனை எல்லாம் அதில் வருகின்றன. நமக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. பாதிக்கு மேற்பட்டோர் நெருக்கடியான வீடுகளில் இருக்கும்போது, அழுவதற்குக்கூட ஒருவனுக்குத் தனி மூலை கிடையாது.

கிளைட் ரிவர் என்ற சிற்றூரில் இலிசாக்சிவிக் என்ற உள்ளூர் அமைப்பு உண்டு. அங்கே ஆலோசகர்கள் ஊர்க்காரர்களே. குடும்பங்களையும் வாலிபர்களையும் பெரியவர்களோடு பனிவெளி முகாமுக்குக் கூட்டிப்போகிறார்கள். வேட்டையைக் கற்றுக்கொள்ளும் பையன், நடுநடுவே மனதில் உள்ளதையும் பேசிவிடுகிறான்.

நூனவுட்டில் ஆசிரியர்கள், சாதாரண ஊர்மக்கள் போன்றோருக்கும் பயிற்சி தருகிறார்கள். “தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று நேராகவே கேட்கச் சொல்கிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தவறு. கேட்டால் பாரம்தான் இறங்கும். ஹராம் என்ற சட்டம் நம்மில் யாருக்கும் தெரியாததல்ல. உடைந்து உட்கார்ந்திருப்பவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். முதலில் கேளுங்கள், கேட்டதைப் பொறுமையாகக் காது கொடுத்துக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். அங்கே கமட்சியாக்டுட் என்ற தொலைபேசி உதவி 1990 முதல் நடக்கிறது. இங்கே 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைத் தயவுசெய்து இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. இன்யூட் மக்கள் வாழும் இனுவிக் என்ற ஊரில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. வினிபெக் நகரில் கட்டி, லாரியிலும் ஆற்றுப் படகிலும் ஏற்றி, சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து 2010இல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பால், காய்கறி விலை அங்கே நம்ப முடியாத அளவுக்கு அதிகம். அந்தச் சின்ன ஜமாஅத் உணவு வங்கி ஒன்றை ஆரம்பித்தது. யார், எந்த மதம் என்று பார்க்காமல் ஊரில் இல்லாதவர்களுக்கு அங்கிருந்து உணவுப் பொருள் போகிறது.