கைலாகும் மனிதர் குணமும்



மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோர நெடுஞ்சாலையில், மாங்கேணியைக் கடந்து வாகரையை அணுகுமுன் பனிச்சங்கேணி என்னும் சிற்றூர் உளது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, இடையே நெடுஞ்சாலையைத் தாங்கும் பாலம். அவ்வூர் மக்களுட் பலர் நீரை நம்பி வாழ்பவர். தண்டு வலித்தும், வலை இழுத்தும், உப்புநீரில் இறாலும் நண்டும் பொறுக்கியும் காய்ப்பேறிய கைகள் அவர்களுடையவை.

அத்தகைய கை ஒன்றை வெளியூர் உத்தியோகத்தர் ஒருவர் பற்றிக் கைலாகு கொடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கை மரப்பட்டைபோல் உரத்திருக்கின்றது, பிடியோ தளர்ந்திருக்கின்றது. வந்தவர் தம்முள்ளே, ‘இவர் கூச்சமுள்ளவர், தன்னம்பிக்கை குறைந்தவர்’ என்று ஒரு தீர்ப்பு எழுதிவிடுகின்றார். அதே மனிதர் காற்றும் இருளும் பாராது தனியே தோணி செலுத்துபவர் என்பதை அவர் அறியார். பிடி தளர்ந்தமைக்குக் காரணம் அச்சமன்று; மரியாதை. பெரியோரைக் கண்டால் கைகூப்பி வணங்குவதே அவருக்குப் பழக்கம். வந்தவரின் கையை இறுகப் பற்றுவது அவருக்கு அடக்கமின்மையாகத் தோன்றியது. அவ்வளவே.

ஒருவருடைய கைலாகு அவருடைய குணத்தைக் காட்டுமா என்னும் வினாவை இங்கிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

கைகோத்தல் மிகப் பழைய வழக்கு. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசரும் பாபிலோனிய மன்னனும் ஒருவர் கையை மற்றவர் பற்றி நிற்கும் காட்சி கல்லிலே செதுக்கப்பட்டு இன்றும் உளது. பழைய கிரேக்கக் கல்லறைச் சிற்பங்களில், இறந்தவரும் இருப்போரும் கைபற்றி விடைபெறுகின்றனர். ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பகுதி முஸ்லிம் மக்களிடையே ‘முஸாபஹா’ என்னும் முறை உண்டு. அங்கு இரு கைகளாலும் மென்மையாகப் பற்றுதலே அன்பின் அடையாளம். ஆகவே, மென்பிடி எல்லாம் பலவீனம் என்று கொள்வது ஒரு நாட்டுப் பழக்கத்தை உலகத்துக்கே அளவுகோலாக்குவதாகும்.

எனினும், கைலாகு ஒன்றுமே சொல்வதில்லை என்று தள்ளிவிடவும் இயலாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமாப் பல்கலைக்கழக உளவியலாளர் தம் ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டனர். நான்கு பேருக்கு முன்னதாகப் பயிற்சி அளித்து, 112 மாணவரின் கைலாகை அவர்கள் மதிப்பிடச் செய்தனர். பிடியின் உறுதி, அசைவின் வேகம், கை முழுதும் பொருந்துதல், நேரம், கண்ணோடு கண் நோக்குதல் முதலியவற்றைத் தனித்தனியே குறித்தனர். உறுதியாகக் கைகொடுத்தோர் பிறருடன் எளிதிற் பழகுபவராகவும், கூச்சமும் மனக்கலக்கமும் குறைந்தவராகவும் இருக்கும் போக்கு காணப்பட்டது. ஆனால் அது ஒரு போக்கேயன்றி விதியன்று. பலரைச் சேர்த்து நோக்குங்கால் புலப்படும் சிறு சாய்வைக் கொண்டு தனியொருவரை எடைபோடுதல் தகாது. மேலும், அது கைகொடுத்துப் பழகிய சமூகத்தில் நடந்த ஆராய்ச்சி.

தீர்ப்பு எழுதும் அவசரத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியில், 98 மாணவர் மாதிரி நேர்முகப் பரீட்சைக்குச் சென்றனர். நன்கு கைகொடுத்தவருக்கே, வேலைக்கு உகந்தவர் என்னும் மதிப்பு மிகுதியாகக் கிட்டியது. இதன் கருத்தைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். பனிச்சங்கேணி போன்ற ஊரிலிருந்து ஒரு பெண் அரும்பாடுபட்டுப் படித்து முதன்முறையாக நேர்முகப் பரீட்சைக்குச் செல்கின்றாள். அறிமுகமற்ற ஆடவர் கைநீட்டுகின்றார். அவள் ஒரு கணம் தயங்கி விரல்நுனியை மட்டும் கொடுக்கின்றாள். அவள் வாய்திறந்து ஒரு சொல் பேசுமுன்னரே அவளுடைய கல்வியும் உழைப்பும் அந்த ஒரு கணத்தில் குறைத்து மதிக்கப்படுமாயின், அது அவளுடைய குறையன்று, எடைபோட்டவரின் குறை.

இன்னொன்று, பிடியின் வலிமை முதலிற் பேசுவது உடலைப் பற்றியே. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் கைப்பிடி வலிமையை அளந்து, 2015இல் வெளியிடப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி, வலிமை குறையக் குறைய மரண அபாயம் கூடுகின்றது என்று கண்டது. முதுமை, போசாக்கின்மை, மூட்டுவாதம், நரம்புநோய் ஆகிய யாவும் கையைத் தளர்த்தும். நோயை நோயென்று அறியாது அதற்குக் குணம் என்று பெயரிடுதல் எத்துணைப் பெரும் பிழை!

இப்பிழையிலிருந்து விலகி நின்ற ஒருவரின் வரலாறு இங்கு நினைவுகூரத் தக்கது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். இங்கிலாந்திற் கற்று, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டில் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கி, காலணியைக் கழற்றவும் இயலாது திணறிய இளைஞர் ஒருவரைக் கண்டார். கைலாகு கொடுப்பதுபோல் தம் கையை அவர் கைக்குள் வைத்து, இயன்ற மட்டும் இறுக்குமாறு கேட்டார். பயனற்றது என்று கருதப்பட்ட அக்கை மருத்துவரின் கையை வலியெடுக்க நசுக்கியது. தாம் நோகச் செய்வதை அவ்விளைஞர் உணரவில்லை. அவர் கையில் தொடுவுணர்ச்சி இல்லை.

அந்த ஒரு பிடி மருத்துவருக்கு இரு பேருண்மைகளைச் சொல்லிற்று. முன்கைத் தசைகள் சில இன்னும் வலுவுடன் இருந்தன. ஆதலால் நல்ல தசைநாணை இடம்மாற்றித் தைத்து, மடங்கிய விரலை மீண்டும் இயங்கச் செய்யலாம். தொழுநோயாளரின் கை தானாக அழுகுவதில்லை. சூட்டையும் வெட்டையும் உணராமையாலேயே காயங்கள் பெருகி அது சிதைகின்றது. பின்னர் வேலூரில் நடந்த அறுவைச் சிகிச்சைகளால் பலர் தம் கையாலே உண்ணவும் எழுதவும் தொழில் செய்யவும் வல்லராயினர்.

மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவு நெடுங்காலம் தொழுநோயாளரின் வைத்தியசாலைத் தீவாக விளங்கியது. கரையிலிருந்தோர் தொட அஞ்சிய கைகள் அங்கே இருந்தன. பலமருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இன்று அந்நோய் முற்றாகக் குணமாகக் கூடியது. சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே தொற்றும் தன்மையும் நீங்கிவிடுகின்றது. ஆயினும் குணமடைந்து வீடு திரும்பியவர் தம் கையை முந்தானையிலோ சால்வையிலோ மறைக்கும் நிலை முற்றாக நீங்கவில்லை.

நேயர்களே, இரு மனிதர் கைகோக்கும்போது இரு கைகளும் சோதிக்கப்படுகின்றன. தளர்ந்த பிடியைக் கண்டு முகஞ்சுளிப்பவரின் குணமும் அங்கே வெளிப்படுகின்றது. ‘இவர் எத்தகையவர்?’ என்று கேட்குமுன், ‘இக்கை என்ன வேலை செய்தது? என்ன துன்பம் பட்டது? எவ்வகைப் பழக்கத்தில் வளர்ந்தது?’ என்று கேட்டறிதல் நன்று. பனிச்சங்கேணி வலைஞரின் கை கைகூப்பி நின்றால், எதிரே நிற்பவரும் கைகூப்பலாம். அக்கை நீளுமாயின் அதனை முழுதாகப் பற்றலாம். அதன் தழும்பு தம் உள்ளங்கையில் உறுத்தும் வரை பற்றலாம்.