லேபிள் இல்லாத கேசட்டுக்குள்ள என்ன இருக்கு?

பரண்ல என் பழைய வீடியோ கேம் கேசட் கிடைச்சுது. லேபிள் உரிஞ்சுபோச்சு. இது எந்த கேசட்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல பின்களை எண்ணுங்க. 60 இருந்தா, 1983-ல ஜப்பானில் வந்த ஃபேமிகாம் வகை. திறந்து பார்த்தா பெரும்பாலும் சிப்பே தெரியாது. கறுப்பா ஒரு பிசின் சொட்டு மூடியிருக்கும். அதனால ஓட்டித்தான் பார்க்கணும்.

மெனுவுல '9999 இன் 1'னு போட்டிருந்தா நம்பாதீங்க. அதே மரியோ வேற பேர்ல, வேற லெவல்ல திரும்பத் திரும்ப வரும். தனித்தனி கேம்களை மட்டும் வரிசையா எழுதுங்க. மெனு வாசகத்தோட சேர்ந்த அந்தப் பட்டியல்தான் கேசட்டோட அடையாளம்.

என்னோடதுல தேறினது 7. அந்த 7-தான் என் மொத்த கோடை விடுமுறையும்! சிப் சாகறதுக்கு முன்னாடி ரோமை டம்ப் பண்ணி வைங்க. தயாரிச்சவங்க பேர்கூட இல்லாத கேசட். நாம எடுத்து வைக்கலைன்னா வேற யாரு வைப்பாங்க?