விளக்கு மின்னினால் ஓரங்கட்டுங்கள்

பெட்ரோல் விலை குறைவு என்று வாஞ்சூர் எல்லை தாண்டிக் காரைக்காலுக்கு வருகிறவர்களும் இதைக் கேளுங்கள்.

கார் குலுங்குகிறது, இழுவை இல்லை, மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். அது விலை உயர்ந்த சாமான். வண்டியை நிறுத்திவிடுங்கள்.

மெக்கானிக்கின் ஸ்கேனரில் பி0301 என்ற கோடு வந்தால் கோளாறு முதல் சிலிண்டரில். உடனே பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் புதிதாக வாங்க ஓடாதீர்கள். முதல் சிலிண்டர் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி0303 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

செலவா? 2001 ஜூலையிலிருந்தே நம் நாட்டு நிறுவனங்கள் பெட்ரோல் வண்டிகளின் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு எமிஷன் வாரண்டி தருகின்றன. கார் என்றால் 3 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. பிளக், ஃபில்டர் போன்ற தேயும் பொருள்கள் பொதுவாக இதில் சேராது. புகைச் சான்றிதழும் சர்வீஸ் ரசீதுகளும் கேட்பார்கள், வண்டியிலேயே வைத்திருங்கள்.