பொறுப்பேற்றலும் பொறுப்புக்கூறலும்: சிறார் அறுவை சிகிச்சையில் அரசின் கடமை

பினாங்குத் தமிழ்ப் பெருமக்களே,

மொழி மன்ற மேடையில் மருத்துவமனையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் இரண்டு சொற்களைப் பற்றியே பேச வந்துள்ளோம். 'பொறுப்பேற்றல்' நமக்குப் பழகிய சொல். 'பொறுப்புக்கூறல்' இலங்கைத் தமிழில் வேரூன்றிய சொல். முன்னது சுமையைத் தோளில் வாங்குவது. பின்னது நடந்ததை நடந்தவாறே மக்கள் முன் எடுத்துரைப்பது. குழந்தை தனக்கான சிகிச்சையைத் தானே தீர்மானிப்பதில்லை. தவறு நேர்ந்தால் தானே நீதி கேட்கவும் இயலாது. ஆகவே இவ்விரு சொற்களின் வேறுபாடு சிறார் அறுவை சிகிச்சையில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவருக்குப் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் 2022 நவம்பரில் முழங்கால் சவ்வு அறுவை செய்யப்பட்டது. அதன்பின் இறுகக் கட்டிய அழுத்தக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. வேறு மருத்துவமனையில் காலை அகற்றியும் உயிர் பிழைக்கவில்லை. நவம்பர் 15 அன்று அவர் இறந்தார். கவனக்குறைவு நேர்ந்ததை அமைச்சரே ஒப்புக்கொண்டார். இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. இது பொறுப்பேற்றல், பாராட்டத்தக்கதே.

அடுத்த ஆண்டு அதே நகரின் அரசு மருத்துவமனையில் தலையில் நீர் கோத்ததற்காகச் சிகிச்சை பெற்ற ஒன்றரை வயதுக் குழந்தையின் கை அகற்றப்பட்டது. மூவர் குழு ஆராய்ந்து, மருத்துவர்களின் அலட்சியம் காரணமன்று என்றது. தாய் அதை ஏற்கவில்லை. குழுவின் முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அரசு மருத்துவமனையை அரசே விசாரித்து அரசே தீர்ப்புரைக்கும்போது, சரியான முடிவும் மக்களின் நம்பிக்கையைப் பெறுவதில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் வேறொரு வழியைக் காட்டியது. அங்குள்ள அரசு மருத்துவமனையின் இதய அறுவைப் பிரிவில் குழந்தைகள் அளவுக்கு மீறி இறப்பதை ஸ்டீபன் போல்சின் என்னும் மயக்க மருந்து வல்லுநர் சுட்டிக்காட்டிவந்தார். 1998இல் மருத்துவ மன்றம் மூவரைக் குற்றவாளிகளெனக் கண்டு, இருவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. தண்டனையோடு விவகாரம் முடிந்தது என்று பெற்றோர் வாளாவிருக்கவில்லை. பொது விசாரணை கோரிப் போராடினர். சட்டப் பேராசிரியர் இயன் கென்னடி தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2001 ஜூலையில் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு மேல் இறந்திருந்தனர் என்று அது கண்டது.

அதைவிட முக்கியமான கண்டறிவு ஒன்றுண்டு. புள்ளிவிவரங்கள் நிறையவே இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்பது யார் கடமை என்பதில் தெளிவில்லை. அமைச்சும் மருத்துவமனையும் மருத்துவர் அமைப்புகளும் அப்பணி பிறருடையது என்றிருந்தன. மூவரைத் தண்டித்ததால் மட்டும் இவ்வுண்மை வெளிவந்திராது. பொறுப்புக்கூறலின் பயன் இதுவே.

நம் நாட்டிலும் அமைப்புகள் இல்லாமலில்லை. நோயாளர் பாதுகாப்புக்கான தேசிய மன்றம் 2003இல் அமைந்தது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1998ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆயினும் அரசின் மீது வழக்குத் தொடுக்க, 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதங்களையே அளிக்கிறது. மருத்துவக் கோப்பைப் பெற்று, அதைப் படித்துச் சொல்லும் வல்லுநரைத் தேடுவதிலேயே எளிய குடும்பத்துக்குப் பாதிக்காலம் கழிந்துவிடும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. சிறார் அறுவையில் பெருந்தீங்கு நேரும்போது மருத்துவமனைக்கும் அமைச்சுக்கும் வெளியே உள்ளோர் விசாரிக்க வேண்டும். குடும்பத்தின் அந்தரங்கம் காத்து, அறிக்கையை வெளியிட வேண்டும். நடந்தது என்ன என்பதைத் தாய்க்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இம்மூன்றாவதில் தமிழறிந்த நமக்கும் பங்குண்டு. அரசின் அறிக்கையைத் தோட்டத்துத் தாயும் அடுக்குமாடித் தாயும் விளங்கிக்கொள்ளும் தமிழில் ஆக்கித் தருவதும் மொழிப்பணியே.

இழப்பீட்டுத் தொகை ஒரு வீட்டுக்குப் போகும். வெளிப்படச் சொல்லப்பட்ட உண்மை அடுத்த குழந்தையைக் காக்கும்.