பள்ளியில் பிள்ளைக்கு மருந்து



சுக்கும் மிளகும் மணக்கும் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் ஒருங்கே ஒலிக்கின்றன. பிழைப்பை நாடி இங்கு வந்த தமிழராகிய நாம், வாணிகத்துக்கு வேண்டிய மலையாளத்தை விரைவிற் கற்றுக்கொள்கிறோம். ஆயினும், பிள்ளையின் உடல்நிலையைப் பள்ளிக்கு எடுத்துரைக்க அது போதுமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், சிறுவன் இங்குள்ள பள்ளியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருநாள் மாலை, "அம்மா, நாளைக்குப் பள்ளியில் குளிக உண்டாம்" என்றான். மலையாளத்தில் குளிக என்றால் மாத்திரை. குளித்து வரும்படி சொன்னார்கள் போலும் என்று தாய் எண்ணிக்கொண்டார். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் கடைமருந்து ஒன்றைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்.

வகுப்பில் ஆசிரியை, "பனி உண்டோ?" என்று வினவினார். அங்கே பனி என்பது காய்ச்சல். நம் சிறுவனுக்கோ அது தை மாதத்துப் பனி! "இல்லை" என்றான். நல்வேளையாக, ஆசிரியை அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்; மாத்திரையைக் கொடாது நிறுத்தினார்.

அம்மாத்திரை யாது? தேசிய குடற்புழு நீக்க நாள் 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் அளிக்கப்படுகிறது. 2 வயதுக்கு மேற்பட்டோர்க்கு 400 மில்லிகிராம். அதற்குட்பட்ட குழந்தைக்கு அதிற் பாதி. இரத்தச் சோகையையும் ஊட்டக்குறைவையும் உண்டாக்கும் புழுக்களை இது ஒழிக்கும். ஆசிரியரின் கண்முன்னரே மென்று உண்ணுதல் வேண்டும். சிறு குழந்தைக்குப் பொடித்து நீரிற் கலந்து கொடுத்தல் நன்று. முழுதாய் விழுங்கினால் தொண்டையில் அடைக்கக்கூடும். சிலருக்குச் சிறிது குமட்டலோ வயிற்றுவலியோ தோன்றி, தானே அடங்கும். நோயுற்ற பிள்ளைக்கும், வேறு மருந்து உண்ணும் பிள்ளைக்கும் அன்று கொடுப்பதில்லை. விடுபட்டோர்க்கெனப் பின்னர் ஒரு நாள் குறிக்கப்படும். நம் சிறுவனும் குணமடைந்தபின் அந்நாளிலேயே அதை உண்டான்.

ஆசிரியரின் கை நெற்றிச் சூட்டை அறியும்; காலையில் உண்ட மருந்தை அறியுமோ? அதைச் சொல்வது பெற்றோர் கடன். பள்ளி அறிவிப்பு புரியாவிடில், அண்டைவீட்டாரிடம் கொடுத்துப் படித்துக் கேட்போம். வலிப்பு, இழுப்பு முதலியன இருப்பின், சேரும் நாளிலேயே தெரிவிப்போம். பள்ளி நேரத்தில் மருந்து வேண்டியிருப்பின், மருத்துவர் சீட்டுடன், கடையில் வாங்கிய உறை பிரியாமல் ஆசிரியர் கையிலேயே ஒப்படைப்போம். பெயர், அளவு, வேளை மூன்றையும் எழுதிக் கொடுப்போம். காகிதத்தில் மடித்துப் புத்தகப் பையில் வைத்தனுப்புதல் ஆகாது. மற்றொரு பிள்ளை அதை மிட்டாயென்று தின்னக்கூடும்.

மருந்து என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அந்த ஒரு சொல்லைக்கொண்டேனும் பேச்சைத் தொடங்குவோம். எஞ்சியதை ஆசிரியர் கேட்டறிந்து கொள்வார்.